சுருதிப் பெட்டியை எப்போது அணைப்பது?

சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் வயலின் படிக்கும் பிள்ளைக்கு ஒரே வாரத்தில் இரண்டு சுருதி. ஒரு நாள் கோயில் மண்டபத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கருவியின் சுருள் முனையை வலது கணுக்காலில் ஊன்றி, ஸ ப ஸ ப என்று கூட்டிய தந்திகளில் மாயாமாளவகௌளை வரிசை. இன்னொரு நாள் ஈப்போவுக்கு வண்டி ஏறினால், நின்றபடி தாடையில் இடுக்கிக்கொண்டு, ஜி டி ஏ இ என்று கூட்டிய தந்திகளில் ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வுக்கு ஸ்கேல். போதாததற்கு, தாமானில் ஒரு மலாய்க் கல்யாணம் என்றால் காதில் ஜோகெட் என்ற ஆட்ட இசை விழும். அதிலும் வயலின்தான் முன்னால் நிற்கும்.

எல்லாவற்றையும் ஒரே வில்லில் கலந்தால் என்ன என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றுவது இயல்பு. தோன்றியபடி வாசித்தால் பெரும்பாலும் கூழாகத்தான் வரும். குறை திறமையில் இல்லை, ஸ-வையும் ப-வையும் விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும் சுருதிப் பெட்டியில் இருக்கிறது. கர்நாடக இசையில் ஸ அசையாது; ஜாஸில் ஸ இடம் மாறிக்கொண்டே இருக்கும். இந்த முரண்பாட்டை எங்கே தீர்த்துக்கொள்கிறார் என்பதுதான் கலப்பிசை வயலின்காரர் ஒருவருடைய பாதையைத் தீர்மானிக்கிறது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த இரண்டு சகோதரர்கள் இதற்கு நேரெதிரான இரண்டு விடைகளைச் சொன்னார்கள். அவர்களிடம் போகுமுன் ஜாஸில் வயலினின் நிலையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஜாஸில் வயலின் ஆரம்பத்திலிருந்தே இருந்தது, ஆனால் கேட்காது. டிரம்பெட், சாக்ஸபோன், டிரம்ஸ் நடுவே அதன் கதி, உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆலாபனை செய்பவர் கதிதான். ஜோ வெனூட்டி 1920களில் கிட்டார் துணையோடு மட்டும் வாசித்துத் தப்பித்தார். ஸ்டெஃபான் கிராப்பெல்லி 1934இல் ஜாங்கோ ரைன்ஹார்ட்டோடு பாரிஸில் அமைத்த குழுவில் டிரம்ஸே கிடையாது: மூன்று கிட்டார், ஒரு டபுள் பாஸ், ஒரு வயலின். ஸ்டஃப் ஸ்மித் வேறு வழி பார்த்தார். 1930களிலேயே வயலினை ஒலிபெருக்கியில் இணைத்துவிட்டார். பிரான்சில் இசையாசிரியர் வீட்டில் 1942இல் பிறந்த ழான்-லுக் போன்ட்டி அந்த மின்சார வழியை 1970களில் ராக் மேடை வரை கொண்டுபோனார். 1991இல் மேற்கு ஆப்பிரிக்கக் கலைஞர்களோடு ஒரு தொகுப்பே போட்டார். உரக்கக் கேட்க வைக்கும் பிரச்சினை இப்படித் தீர்ந்தது. ஸ பிரச்சினை அப்படியே நின்றது.

அதற்கு முதல் கதவைத் திறந்தது வயலின்காரர் அல்ல, டிரம்பெட்காரர். மைல்ஸ் டேவிஸ் 1959இல் வெளியிட்ட 'கைண்ட் ஆஃப் ப்ளூ' தொகுப்பின் முதல் உருப்படியில் கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) ஓடுவதில்லை. டி டோரியன் என்ற ஒரே ஸ்கேல் 16 பார், அரை ஸ்வரம் ஏற்றி ஈ-ஃப்ளாட் டோரியன் 8 பார், மறுபடி டி-யில் 8 பார். டோரியன் என்பதன் ஸ்வரங்களை நம் பிள்ளைகளிடம் கொடுத்தால் கரஹரப்ரியா என்று உடனே சொல்வார்கள். ஆக, நம் கணக்கில் இது இரண்டு கட்டை, அதாவது டி-யை ஸ-வாக வைத்த கரஹரப்ரியா. ஒரு பாருக்கு நான்கு தட்டு வீதம் 16 பார் என்பது எட்டுத் தட்டுள்ள ஆதி தாளத்தில் 8 ஆவர்த்தனம். அடுத்த 4 ஆவர்த்தனம் இரண்டரைக் கட்டை. கடைசி 4 ஆவர்த்தனம் திரும்ப இரண்டு கட்டை. மொத்தம் 16 ஆவர்த்தனம் ஒரு சுற்று.

இதைச் சுருதிப் பெட்டி போட்டு வாசித்துப் பாருங்கள். முதல் 8 ஆவர்த்தனம் சொர்க்கம். இரண்டரைக் கட்டைக்கு ஏறிய நொடியில் பெட்டி டி-யையே பிடித்துக்கொண்டு நிற்க, புதிய ஸ அதோடு அரை ஸ்வரத்தில் மோதும். ஸ-வையும் சுத்த ரிஷபத்தையும் ஒன்றாக அழுத்திய சத்தம். வாசிப்பவர் தன் விரல்தான் பிசகியது என்று நினைத்துக் கீழே இறக்குவார். பாஸ் கிட்டார்காரர் இறங்க மாட்டார். அங்கே எல்லாம் குலையும்.

லக்ஷ்மிநாராயணா ஐயர் யாழ்ப்பாணத்தில் வயலின் ஆசிரியர். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்கு வந்தது. பிள்ளைகள் வைத்தியநாதன், சுப்ரமணியம், சங்கர் மூவரும் வயலின். மூன்று வயலினாகவே மேடையேறியவர்கள். மூத்தவர் எல். வைத்தியநாதன் திரையிசைக்குப் போனார். மற்ற இருவரும் அமெரிக்கா போனார்கள்.

எல். சங்கர் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இனவியல் இசையில் முனைவர் பட்டம் படித்தார். அதே வளாகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் ஆங்கிலேய ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின். ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம் என்று சேர்ந்து அமைந்ததுதான் 'சக்தி' குழு. 1975 ஜூலையில் நியூயார்க் பக்கம் ஒரு கல்லூரியில் நேரடியாகப் பதிவுசெய்த முதல் தொகுப்பில் மூன்றே உருப்படி, ஒன்று மட்டும் அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ராம்நாட் ராகவனின் மிருதங்கமும் அதில் உண்டு.

சக்தியின் விடை: பெட்டியை அணைக்காதே, கிட்டாரை இந்தப் பக்கம் கூட்டி வா. மெக்லாஃப்லினுக்காக ஏப்ரஹாம் வெக்டர் செய்த கிட்டாரைக் கிட்டத்தில் பார்த்தால் இது விளங்கும். மெட்டுகளுக்கு இடையே மரத்தைப் பள்ளமாகக் குடைந்திருக்கிறார். தந்தியை அழுத்தினால் விரல் மரத்தில் முட்டாது. வீணையில் இழுப்பது போல இழுத்துக் கமகம் பிடிக்கலாம். ஒலித்துளைக்குக் குறுக்கே, மற்ற தந்திகள் ஒலித்தால் கூடவே அதிரும் ஏழு அனுசுரத் தந்திகள். அவை ராகத்துக்குக் கூட்டப்பட்டவை. அதாவது, கிட்டாரே தன் வயிற்றுக்குள் ஒரு சுருதிப் பெட்டியைச் சுமந்துகொண்டிருந்தது. கார்டு மாற்றுவது அதில் முடியாத காரியம் இல்லை; ஆனால் மாற்றினால் அந்த ஏழு தந்தியும் பழைய ஸ-வையே முனகும். மரம், தந்தி மட்டத்திலேயே முடிவு எடுத்தாயிற்று. மூன்றாவது தொகுப்பில் (1977) உருப்படிகள் சுருங்கி, பாட்டு வடிவத்துக்கு வந்தன. அதற்குப் பிறகு அந்த அணி கலைந்தது.

சங்கரின் அடுத்த படியும் கருவிதான். 1980இல் கென் பார்க்கர் செய்துகொடுத்த இரட்டை வயலின்: இரண்டு கழுத்து, பத்துத் தந்தி, டபுள் பாஸின் கீழ் ஸ்தாயியிலிருந்து வயலினின் மேல் ஸ்தாயி வரை ஒரே ஆள் கையில். ஃப்ராங்க் ஸப்பா தயாரிப்பில் தொகுப்பு (1979), நார்வே சாக்ஸபோன்காரர் யான் கார்பாரெக்கோடு தொகுப்புகள், பீட்டர் கேப்ரியலின் 1989 திரையிசைத் தொகுப்பு என்று அவர் போன இடமெல்லாம் ராகம் நின்ற இடத்தில் நின்றது. சுற்றியிருந்த ஒலிதான் மாறியது.

அண்ணன் எல். சுப்ரமணியம் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் முடித்துவிட்டுக் கலிஃபோர்னியாவில் மேற்கத்திய இசையில் முதுகலை படித்தவர். இவர் விடை நேரெதிர்: தேவையான இடத்தில் பெட்டியை அணைத்துவிட்டு, மற்றதைத் தாளில் எழுது. கிராப்பெல்லியோடு 1984இல் வந்த தொகுப்பு, 1985இல் ஸுபின் மேத்தா நடத்திய நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்குக்கு எழுதிய கச்சேரி உருப்படி, 'சலாம் பாம்பே' (1988), 'மிஸிஸிப்பி மசாலா' (1991) படங்களின் இசை எல்லாம் எழுத்தின் பலத்தில் நிற்பவை. ஆர்க்கெஸ்ட்ராவில் பல டஜன் பேரிடம் 'கொஞ்சம் இழுத்து வாசியுங்கள்' என்று சொல்ல முடியாது. இழுப்பு எங்கே தொடங்கி எந்த மாத்திரையில் முடிகிறது என்று ஸ்டாஃப் நொட்டேஷனில் வந்தாக வேண்டும். இங்கே ஒரு கருத்து: கேட்டு மகிழ சக்தி, தொழிலாக எடுத்துக்கொள்ளப் போகிறவருக்குப் பாடம் அண்ணனிடம்தான் அதிகம். எழுதத் தெரிந்தவருக்குக் குழு கலைந்தாலும் வேலை இருக்கும். சக்தியும் 1997இல் மறுபடி கூடியது. கணேஷ் ராஜகோபாலன் வயலினோடு 2023இல் வெளியிட்ட தொகுப்பு 2024 கிராமி விருது பெற்றது. ஆனால் முதல் அணி கலைந்ததற்கும் மறுபடி கூடியதற்கும் நடுவில் எத்தனை வருடம் என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, ஊருக்கு வருவோம். சங்கராபரணம் தெரிந்த பிள்ளைக்கு ஜாஸின் அடிப்படைக் கார்டு நகர்வைக் கிரகபேதம் என்று சொல்லிக்கொடுப்பதுதான் குறுக்குவழி. ஒரு கட்டை சங்கராபரணத்தில் ரி-யை ஸ-வாக வைத்தால் கரஹரப்ரியா, ப-வை வைத்தால் ஹரிகாம்போஜி, ஸ-விலேயே நின்றால் சங்கராபரணம். ஜாஸ்காரர்கள் டூ-ஃபைவ்-ஒன் என்பது இதே மூன்றையும் ஒரு பாருக்கு ஒன்றாக ஓடவிடுவது. ஸ்வரங்கள் ஏழும் மாறுவதில்லை. நிற்கும் இடம்தான் மாறுகிறது. முதல் பாரில் ரி, ம, த, மேல் ஸ. இரண்டாவதில் ப, நி, மேல் ரி, மேல் ம. மூன்றாவதில் ஸ, க, ப, நி. இந்த ஸ்வரங்களில் வந்து நின்றால் பொருந்தும். பெட்டி போட்டுப் பழகியவர்கள் செய்யும் தவறு, மூன்று பாரிலும் ஸ-விலும் ப-விலும் போய் நிற்பது. ராகம் சுத்தமாக இருக்கும். குழுவோடு ஒட்டாமல் தனியாகத் தொங்கும்.

கமகம் அடுத்த பிரச்சினை. கரஹரப்ரியாவின் க ஆடும் ஸ்வரம். கீழே கீபோர்டு அதே க-வை நேராகப் பிடித்திருக்கும்போது நாம் ஆட்டினால், இரண்டும் உரசி அபஸ்வரம் போலக் கேட்கும். தீர்வு எளிது: கார்டில் இருக்கும் ஸ்வரத்தில் வந்து நிற்கும்போது கீழிருந்து ஒரு ஜாரு போட்டு வழுக்கி ஏறி, நேராக நிறுத்துங்கள். ஆட்டத்தைக் கடந்துபோகும் ஸ்வரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தோடியின் காந்தாரத்தைக் கார்டுக்கு மேல் ஆட்ட ஆசைப்பட வேண்டாம். கீபோர்டை நிறுத்தச் சொல்லிவிட்டு ஆட்டுங்கள்.

தந்தி கூட்டுவதில் பலர் தடுமாறுகிறார்கள். ஐந்து கட்டைக்குக் கூட்டுவது சுலபம்: ஜி, டி தந்திகளைத் தொடாதீர்கள், ஏ-யை ஜி-க்கும், இ-யை டி-க்கும் ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் ஸ ப ஸ ப வந்துவிடும். இழுவிசை அந்த இரண்டு தந்தியிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். வில் அதைத் தாங்கும். இரண்டரைக் கட்டைக்கு ஏ தந்தியை ஈ-ஃப்ளாட் வரை இறக்கினால் இழுவிசை பாதியாகிவிடும். மேற்கத்தியக் கூட்டலுக்கு என்றே செய்த தந்தியானால் தொளதொளவென்று அதிரும், அழுத்தினால் கரகரக்கும். அதற்குத் தடித்த தந்தி வேண்டும்.

ஸ ப ஸ ப-வின் வசதி, கீழ் இரண்டு தந்தியில் பழகிய விரலை மேல் இரண்டுக்கு அப்படியே மாற்றலாம். ஜி டி ஏ இ-யின் வசதி வேறு: எல்லா இடைவெளியும் ஒரே அளவு என்பதால், ஒரு கைவடிவத்தை அடுத்த தந்திக்கு நகர்த்தினாலே அடுத்த கட்டைக்குப் போய்விடலாம். ஸ ப ஸ ப-வில் நடுவிலுள்ள ப-ஸ இடைவெளி சிறியது; அங்கே அந்த வடிவம் உடையும். கட்டை அடிக்கடி மாறும் உருப்படிக்கு ஜி டி ஏ இ, ஒரே கட்டையில் நிற்பதற்கு ஸ ப ஸ ப என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே வயலினை நாளுக்கு நாள் மாற்றி மாற்றிக் கூட்டினால், தந்திகளைத் தாங்கும் குதிரை மெல்ல விரல்பலகை பக்கம் சாயும். வால்பக்க முகம் உடலோடு செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்துங்கள். நான்கு தந்தியையும் ஒரே நேரத்தில் தளர்த்தாதீர்கள். உள்ளே நிற்கும் குச்சி விழுந்துவிடும், அப்புறம் ஈப்போவில் பழுதுபார்க்கும் கடை தேடி அலைய வேண்டும். முடிந்தால் இரண்டு வயலின்.

நம் காற்றின் ஈரம் வேறு. ஓரங்களை ஒட்டியிருக்கும் விலங்குப் பசை ஈரத்தில் இளகி, மேல்பலகை விளிம்பு மயிரளவு விட்டுக்கொடுக்கும். சில ஸ்வரங்களில் மட்டும் கேட்கும் அந்த இரைச்சலைத் தந்தியின் குற்றம் என்று நினைத்துத் தந்தி மாற்றுவோர் உண்டு. விளிம்பைச் சுற்றி விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், விட்ட இடம் பொத்தலாகச் சொல்லும். தந்தியை முறுக்கும் பிருடைகள் ஈரத்தில் உப்பி இறுகும். குளிரூட்டிய மண்டபத்துக்குள் கொண்டுபோனால் சுருங்கி நழுவும். கச்சேரிக்கு அரை மணி முன்னதாகவே வயலின் பெட்டியைத் திறந்து வைப்பது அதனால்தான். வில்லை வாசித்து முடித்ததும் தளர்த்துங்கள். வண்டியின் பின்பெட்டியில் வயலினை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

ஒலிபெருக்கியில் அடிக்கடி நடப்பது ஒன்று. குதிரையில் மாட்டும் பீஸோ பிக்கப்பை நேரே மிக்ஸரில் சொருகுவார்கள். கீழ் ஸ்தாயி காணாமல்போய், கொசு மாதிரி ஒரு கீச்சொலிதான் வரும். பீஸோவுக்கு ஏறத்தாழ ஒரு மெகாஓம் உள்ளீட்டுத் தடை வேண்டும். மிக்ஸரின் சாதாரண உள்ளீட்டில் அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். நடுவே ஒரு ப்ரீஆம்ப் வைத்தால் தீர்ந்தது. ஊளை கிளம்பினால் ஒலியை மொத்தமாகக் குறைக்காதீர்கள். வயலின் உடலின் காற்று அதிர்வு 270-290 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும், முதலில் அங்கே குறுகலாக வெட்டிப் பாருங்கள்.

தாளத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு முன்தொடக்கம் இருக்கிறது. ஸ்விங் என்பதைத் திஸ்ர நடையாகச் சொல்லலாம்: தகிட-வில் 'தகி' சேர்ந்து நீளம், 'ட' குட்டை. நடுத்தரக் காலத்தில் இது அப்படியே பொருந்தும். காலம் ஏற ஏற நீளமும் குட்டையும் நெருங்கிவிடும். துரித காலத்திலும் தகி-ட என்று பிடித்துக்கொண்டால் குதிரை ஓட்டம் ஆகிவிடும். வில்லில், நீள ஸ்வரத்துக்கு முழு வில் செலவழித்துக் குட்டைக்கு நுனி மிஞ்சுவதுதான் தொடக்கக்காரர் பிழை. குட்டையிலிருந்து அடுத்த நீளத்துக்கு வில்லைத் திருப்பாமல் ஒரே வீச்சில் இணைத்தால் தானாக நடை வரும்.

ஒரே சொற்கட்டு மூன்று முறை வந்து முடியும் கோர்வையும் இங்கே ஒட்டும். இரண்டு பாரில் சதுஸ்ர நடைக்கு 32 மாத்திரை. எட்டு மாத்திரைச் சொற்கட்டு மூன்று முறை, நடுவே நான்கு நான்கு இடைவெளி: 8+4+8+4+8. டிரம்ஸ்காரருக்கு இதைக் கொன்னக்கோலாக, தாளச் சொற்களாகச் சொல்லாமல், இந்த ஐந்து எண்ணாக எழுதிக் கொடுங்கள், முதல் ஒத்திகையிலேயே சமத்தில், அதாவது சுற்றின் முதல் தட்டில், விழுவார்.

சாக்ஸபோன் சேர்ந்தால் தாளில் கவனம். 'ஸ டி-யில்' என்று எழுதி எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுத்தால் முதல் ஸ்வரமே மூன்று விதமாக வரும். டெனர் சாக்ஸுக்கும் டிரம்பெட்டுக்கும் அதே ஒலிக்கு இ என்று எழுத வேண்டும், ஆல்டோ சாக்ஸுக்கு பி.

கலப்பைத் தேடி நியூயார்க் போகத் தேவையில்லை என்பதற்கும் இங்கே சான்று உண்டு. ஜோகூர் கஸாலில் வயலினும் ஹார்மோனியமும் தபலாவும் காம்புஸ் என்ற தந்திக் கருவியும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கின்றன. வயலினும் ரெபானாக் கைமேளமும் சேரும் மலாக்காவின் டொண்டாங் சாயாங் பாட்டு 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதைப் பாடிக் காத்தவர்களில் மலாக்கா செட்டிகளும் உண்டு. ஜோகெட்டை எடுத்துக்கொண்டால், ஆறு மாத்திரை ஒருமுறை தகிட தகிட என்று இரண்டு தட்டாகவும், அடுத்து தக தக தக என்று மூன்று தட்டாகவும் மாறி மாறி நடக்கும். நம் மிருதங்கக்காரர் இரண்டையும் திஸ்ரமாகவே தட்டிவிட்டால் அந்த நொண்டல் அழகு போய்விடும். சுத்த தன்யாசி ஸ்வரங்கள் ப்ளூஸ் ஸ்கேலோடும் ஒட்டும் என்பதால், ஜோகெட் நடையில் சுத்த தன்யாசி வைத்துத் தொடங்குவது நல்ல முதல் பயிற்சி. பிரதி மத்யமத்தைக் கடந்துபோகும்போது மட்டும் தொட்டால் ப்ளூஸ் வாசனை வந்துவிடும். அதில் நின்றால் ராகமும் போகும், ப்ளூஸும் வராது.

மைல்ஸ் டேவிஸின் அந்த 16 ஆவர்த்தனச் சுற்றை ஊர்க் குழு எடுத்து வாசிக்கும்போது சுருதிப் பெட்டியின் பொத்தானை வயலின்காரர் கையில் வைக்க வேண்டாம். அவருக்கு இரண்டு கையும் வேலை. பாஸ் வாசிப்பவரின் காலடியில் ஒரு மிதி சுவிட்ச் போதும். எட்டாம் ஆவர்த்தனத்தின் கடைசித் தட்டில் அணைக்க வேண்டும், ஒன்பதின் சமத்தில் அல்ல. பெட்டியின் ஒலி தேய்ந்து மறைய ஒரு தட்டு எடுக்கும். பன்னிரண்டு முடிந்து பதிமூன்றாவது சமத்தில் திரும்பப் போடுங்கள்.